பனியில் வைத்த விதைப் போத்தல்கள்

குளிரில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல் மேல் வெயில் விழுந்தால் அது ஒரு சத்தம் போடும். டொக். உள்ளேயிருந்து யாரோ விரலால் சுண்டிவிட்ட மாதிரி. ஹட்டனில் இந்த மேல்மாடி வீட்டுக்கு நாங்கள் வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. இன்று காலை சமையலறை ஜன்னலில் இருந்த வெறும் தண்ணீர்ப் போத்தல் டொக் என்றது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. கீழே கடைத்தெருவில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான், ரயில் ஒன்று எங்கோ மூச்சு வாங்கியது, எதுவும் காதில் ஏறவில்லை. நான் கந்தப்பளையில் நின்றேன், குவாட்டர்ஸின் பின்வாசலில், கால் விறைக்க, இரவும் இல்லாத பகலும் இல்லாத ஒரு வெளுப்பில்.

அங்கே என் கணவர் டீமேக்கராக இருந்தார். கொழுந்து வாடுவதிலிருந்து தூளாகிப் பைக்குள் போவது வரைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் எல்லாம் அவர் மூக்குக்குக் கீழேதான் நடக்கும். மார்ச் கடைசியோடு அவருக்கு ஓய்வு. ஓய்வு என்றால் வேலையோடு வீடும் போய்விடும். குவாட்டர்ஸ் தோட்டத்தினுடையது. அடுத்து வருகிற டீமேக்கரின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நாங்கள் இறங்க வேண்டும்.

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை. நோட்டன் பிரிட்ஜ், வட்டவளை, அப்புறம் கந்தப்பளை என்று தோட்டம் தோட்டமாக மாறியதில் எனக்குப் பழகிப்போனது போவது மட்டும்தான். ஒரு வீட்டின் சுவர்கள் என்னை அடையாளம் கண்டுகொள்ளத் தொடங்கியதும் எனக்குக் கால் பரபரக்கும். கந்தப்பளையில் பனிமூட்டம் பின்வாசலால் வந்து முன்வாசலால் போகும். துணி மடித்துக்கொண்டிருப்பேன், அது என்னைத் தாண்டிப் போகும், நானும் அப்படியே எழுந்து கூடப் போய்விட்டால் என்ன என்று இருக்கும். போய்விட்டேனோ என்றும் சில நேரம் தோன்றும். கையில் மடித்த சேலை இருக்கும், எப்போது மடித்தேன் என்பது தெரியாது.

டிசம்பர் பிறந்ததுமே நான் சாமான் கட்டத் தொடங்கிவிட்டேன். அதே நாட்களில்தான் அவர் நுவரெலியா டவுனிலிருந்து பூ விதை வாங்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது?"

"பேன்ஸி. கலப்புக் கலர்."

"அது பூக்குறப்ப நாம இங்க இருக்க மாட்டோமே."

"இப்பப் போட்டா, நாம போறதுக்குள்ள ஒண்ணு ரெண்டாவது பூத்துரும்."

"பூக்கலேன்னா?"

அவர் விதைப் பைக்கற்றைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். எனக்குக்கூட அந்தச் சத்தம் கேட்டது, ரொம்பத் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. பிறகு, கேட்காமலே சொன்னார். "இத்தன வீட்டுல இருந்தோம். எல்லாத்துலயும் நமக்கு முன்னாடி இருந்தவங்க வச்ச பூதான். நானா ஒரு வெத போட்டு, அது பூத்து, அதப் பாத்துட்டு ஒரு வீட்டவிட்டுப் போனதே இல்ல புள்ள. ஒரே ஒரு தடவ அப்புடிப் போகணும்."

கண்ணாடி வீடு கட்டுவதற்கெல்லாம் எங்களுக்கு வழியில்லை. பனிக்காலத்தில் வெட்டவெளியில் விதை முளைக்க வேண்டுமென்றால் போத்தல்தான் வீடு. பெரிய தண்ணீர்ப் போத்தல்களை இடுப்பில் வெட்டி, அடிப்பாதியில் ஆணியைச் சுட வைத்து ஓட்டை போட்டு, மண்ணை நிரப்பி விதையைத் தூவி, மேல்பாதியைத் தொப்பி மாதிரி கவிழ்த்து வைத்தார். பின்வாசல் நெடுக அவை வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பக்கத்து குவாட்டர்ஸ் கிளாக்கரின் மனைவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நத்தார் நெருங்கிய நேரம். அவர்கள் வீட்டில் யேசு பிறந்த மாட்டுத்தொழுவம் சோடிக்க வைக்கோல் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, நத்தாருக்குக் கசிப்புச் சாராயமா? எங்களுக்கும் ஒரு போத்தல் எடுத்து வைங்க!"

"அதுக்குள்ள ஒங்க வீட்டுக்காரருக்கு வாசம் புடிச்சிருச்சா?"

"அவரு மூக்கு அதுக்கு மட்டுந்தாண்ணே வேல செய்யும்!"

சிரித்தபடியே அவர் மூடிகளைத் திருகிக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. காற்றும் ஈரமும் புகுந்தால் தூள் கெட்டுவிடும் என்று ஆயுள் முழுக்கக் காவல் காத்த கை அது. ஒவ்வொரு மூடியையும் அந்தக் கை இறுக்கித் திருகியது. வெட்டிய இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, நகத்தால் ஒரு தடவை நீவியும் விட்டது.

நத்தாருக்கு முன்பே முளைத்துவிட்டன. போத்தலின் உட்சுவரெல்லாம் வேர்த்திருக்க, உள்ளே பச்சையாக ஏதோ கனவு காண்கிற மாதிரி இருக்கும். அப்புறம் மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. அவருக்குத் தொழிற்சாலையில் கொழுந்து நிறைய, பகலில் வீட்டுப்பக்கமே வரவில்லை. நான் சாமான் கட்டுகிற மும்முரத்தில் இருந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தவர் பின்வாசலில் நின்று மூக்கை உயர்த்தினார். ஒரு மூடியைத் திறந்தார். குப்பென்று புழுங்கிய வாசம். முளைகள் அத்தனையும் வெந்து, மண்ணோடு ஒட்டிப் படுத்திருந்தன.

"கொழுந்த சாக்குல அமுக்கி வச்சா சூடேறிச் செவந்துரும்னு லொறில ஏத்துறவங்கள தெனமும் ஏசுறேன்," என்றார். "அந்த வாசந்தான் இது. அதையேதான் நானும் பண்ணி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெதைய அவிச்சு சம்பலா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். வாய் மட்டும் அசைந்தது. சோற்றைப் பிசைந்தபடி வெகுநேரம் இருந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இந்த மனிதர் உண்மையாகவே அந்தப் பூவை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பைக்கற்றில் இன்னும் கொஞ்சம் விதை இருந்தது. ஜனவரி தொடக்கத்தில் மறுபடியும் போட்டோம். போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தடவை மண் சலித்தது நான். மூடிகளைக் குப்பையில் எறிந்தோம், டேப்பும் ஒட்டவில்லை. மழையும் காற்றும் போத்தலின் வாய் வழியே தாராளமாகப் போய் வந்தன.

அதன்பின் பனி கொட்டத் தொடங்கியது. விடிவதற்கு முன்பே அவர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். போகும்போது கதவருகில் நின்று, "பாத்துக்க" என்பார். பனி மூடிய இலை மேல் நேராக வெயில் பட்டால் அது நெருப்புப் பட்ட மாதிரி கருகிவிடும். அதனால் வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். மரக்கறித் தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது.

முதல் நாள் திட்டிக்கொண்டேதான் போனேன். கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்புத் தூவிய மாதிரி. மிதித்தால் காலடியில் நொறுங்கும். தேயிலை மலை முழுக்க வெள்ளை பூத்து, அதற்கு மேல் ஒரு நட்சத்திரம் போக மறந்து நிற்கும். போத்தல்களின் தோளில் பனி ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். குனிந்து வாய் வழியே பார்ப்பேன். உள்ளே அதே பச்சை, ஒரு குழந்தை போர்வைக்குள் கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி. தண்ணீர் தெளிக்கத் தெளிக்க என் கை என்னுடையதாக இல்லாமல் போகும். விறைத்த கை வேறு யாருடையதோ, தெளிப்பதும் வேறு யாரோ. நான் வெறும் மூச்சுப் புகை. எங்கேயோ போக வேண்டும் என்று ஆயுசெல்லாம் பறந்த மனம் அந்த நேரத்தில் எங்கேயும் போகாது. மலைக்கு மேலால் வெயில் எட்டிப் பார்க்கும். டொக், டொக் என்று போத்தல்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கும். அதுவரைக்கும் நின்றுவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் போவேன்.

கிளாக்கரின் மனைவி இதையும் விடவில்லை. தோட்டத்து ஆட்கள் விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்பதைப் பெரட்டு என்பார்கள். "தங்கச்சி, பெரட்டுக்கு எல்லாருக்கும் முன்னாடி நிக்கிறது இப்ப நீதான்! பேர் போட்டுக் குடுக்கவா?"

"போடுங்கக்கா, பூ எடுக்குற வேலைக்கு."

பிப்ரவரியில் நாற்றுகளைப் பிடுங்கி முன்வாசல் பாத்தியில் நட்டோம். அங்கேயும் பனி கொட்டியது, அங்கேயும் தெளித்தேன். அவர் மாலையில் வந்து, தொழிற்சாலையில் கொழுந்தின் வாட்டத்தைப் பார்க்கிற அதே நிதானத்தோடு ஒவ்வோர் இலையையும் விரலால் தடவிப் பார்ப்பார். மார்ச்சும் வந்தது. சாமான்கள் எல்லாம் கட்டியாகிவிட்டது, ஒரு சட்டியும் இரண்டு கோப்பையும் மட்டும் வெளியே. செடிகள் அரும்பு கட்டின. பச்சையான, தலைகுனிந்த சின்ன அரும்புகள். ஒவ்வொரு காலையும் நான் முன்வாசலுக்கு ஓடினேன். அரும்பு அரும்பாகவே இருந்தது. போத்தலுக்குள் வெந்துபோன அந்த முதல் முளைகள் இருந்திருந்தால் இந்நேரம் பூத்திருக்கும்.

போகிற நாளும் வந்தது. லொறியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாத்தியருகில் குந்தியிருந்தார். ஓர் அரும்பின் நுனியில் கோடு போல ஏதோ நிறம். நாவல் பழ நிறமா, கருஞ்சிவப்பா, தெரியவில்லை.

"லேசா பிரிச்சுப் பாத்துறவா?"

"கைய எடுங்க," என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

புதிய டீமேக்கரும் மனைவியும் முதல் நாளே வட்டவளையிலிருந்து வந்து தோட்டத்து விருந்தினர் அறையில் தங்கியிருந்தார்கள். புதியவர் சாவியோடு உள்ளே போய்ச் சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண், இடுப்பில் பிள்ளையோடு, எங்களை வழியனுப்ப வாசலில் நின்றாள். நல்ல பெண். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, இந்த எடத்துல வெயில் நல்லா விழுது. வந்தவொடனே இங்க கொத்திட்டு லீக்ஸ் பயிர் போடணும்னு எங்க வீட்டுக்காரரு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு."

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

"போடுங்கம்மா," என்றார். "இனி இது ஒங்க எடந்தானே."

சொல்லிவிட்டு லொறிப் பக்கம் திரும்பி, கட்டிய கயிற்றையே மறுபடியும் இழுத்துப் பார்த்தார். என் ஒரு கால் ஏற்கெனவே லொறிப் படியில் இருந்தது. இத்தனை வீடுகளை விட்டு வந்திருக்கிறேன், ஒன்றையும் திரும்பிப் பார்த்ததில்லை. காலை எடுத்துக் கீழே வைத்தேன். அவளிடம் நடந்து போனேன்.

"தங்கச்சி, லீக்ஸ சித்திர வருசப் பொறப்பு கழிச்சுப் போடச் சொல்லு. வருசத்துக்கு நாங்க வர்றோம்."

"ஐயோ, தாராளமா வாங்கக்கா! சாப்பாடெல்லாம் ஆக்கி வைக்கிறேன்."

"சாப்பாடெல்லாம் வேணாம்மா. இந்தப் பாத்திகிட்ட உக்கார ஒரு கதிரயப் போட்டு, இவருக்கு ஒரு பிளேன்டீ மட்டும் குடு."