தறி ஓடும் வேகத்தில் ச ரி க ம

இன்று பாட்டு டீச்சரம்மா என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்!

(ஒரு விரலால் தட்டுகிறேன். இந்த வயதில்தான் எழுத்து படித்தேன். மெதுவாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் நகரியில் பவர்லூம் ஓட்டுபவன். பாட்டு கற்கப் புத்தூர் போகிறேன்.

மகளின் பிரசவத்துக்காக டீச்சரம்மா திருப்பதி போனார். ஒரு மாதம் வகுப்பு இல்லை.

"விட்டா போயிடும் ஐயா. தெனம் பாடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. எனக்கு இருக்கிற ஞாபகத்துக்குப் போனால் போனதுதானே?

வீட்டில் பாடினேன். என் வீட்டுக்காரி கேட்டாள்:

"சோறு துன்னுட்டு கம்முனு படுக்காம இன்னாய்யா கத்திக்கினு கீற?"

வெட்கமாகிவிட்டது.

அதனால் தறி ஓடும்போது பாட ஆரம்பித்தேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தறியே தாளமும் போட்டது! தொண்டை கிழியப் பாடினேன்.

ஒரு நாள் சரளி வரிசையில் பாதி பாடும்போது கரண்ட் போனது.

தெருவில் எல்லாத் தறியும் நின்றது. என் வாய் மட்டும் நிற்கவில்லை!

பிறகுதான் உணர்ந்து நிறுத்தினேன். என் வீட்டுக்காரி நூல் சுற்றுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பக்கத்துத் தறிக்காரன் குரல் கொடுத்தான்:

"மாமா! ஏன் நிறுத்திட்ட? இன்னொரு தபா பாடு!"

அவள் சொன்னாள்: "கேக்கறான் இல்ல? பாடேன்யா."

பாடினேன்.

இன்று வகுப்பு. டீச்சரம்மா முன் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுவதும் பாடி முடித்தேன்.

கண்ணைத் திறந்தால் அவர் சிரிக்கிறார்!

"யாரு ஐயா உங்கள தொரத்துறாங்க? மெல்லகா, மெல்லகா!"

"தறிதாம்மா" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். இன்னும் சிரித்தார்.

"போயிடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க போவும்? ஒரு ஸ்வரம் தப்பல ஐயா. வேகத்த நான் கொறச்சிக்கிறேன். இனிமே தறி நின்னப்புறம் பாடுங்க."

பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

பேரனைப் பார்க்க டீச்சரம்மா அடுத்த மாதமும் திருப்பதி போகிறாராம்.

எங்கள் ஊர் லைன்மேனை யாருக்காவது தெரியுமா? தினம் கொஞ்ச நேரம் கரண்டை நிறுத்தச் சொல்லுங்களேன்!

(மற்ற தறிக்காரர்களிடம் நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள்!)