குலுக்கு மெஷின்மேல் தாளக்காரர்

தாளக்காரருக்குப் பாட்டும் தெரியாது, தாளமும் தெரியாது. கல்குவாரியில் இருபத்தாறு வருஷம் காற்று ட்ரில் பிடித்தவர். கம்ப்ரசரிலிருந்து ரப்பர் குழாய் வழியாகக் காற்று வந்து, கடப்பாரை நீளத்துக்கு ஓர் இரும்பைப் பாறைக்குள் குத்திக் குத்தி இறக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளும் நாள் முழுக்க அதோடு சேர்ந்து குலுங்க வேண்டும். வேலை முடிந்து கேன்டீன் மேசைமேல் கையை வைத்தாலும் விரல்கள் அடங்காது, டொக்கு டொக்கென்று பலகையைத் தட்டிக்கொண்டே இருக்கும். வாய்க்கொழுப்பெடுத்த எவனோ ஒருத்தன், "தாளக்காரரே, அடுத்த பாட்டு எப்போ?" என்று கேட்டான். அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று. இவரும் சிரித்துவிட்டார். மனுஷனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான், எதற்கெடுத்தாலும் சிரித்துவிடுவது. வெட்கம் வந்தாலும் சிரிப்பு, பயம் வந்தாலும் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் பிற்பாடு அவருக்கு எமனாக வந்தது. அதைச் சொல்லத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்புவரை படித்தவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். குவாரியில் யாருக்கு லீவு வேண்டுமானாலும், முன்பணம் கேட்க வேண்டுமானாலும், மனு எழுத இவரிடம்தான் வருவார்கள். "தாளக்காரர் எழுதினா மேனேஜரே மறுக்க மாட்டாரு" என்று ஒரு பேச்சு இருந்தது. அதெல்லாம் பொய்தான், மேனேஜர் மறுக்காத மனு என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. ஆனாலும் கேட்கச் சுகமாக இருந்தது அவருக்கு.

பிறகு விரல்கள் வெளுக்க ஆரம்பித்தன. குளிரடிக்கும் காலையில் நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல ஆகிவிடும். கிள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. டீ டம்ளரைப் பிடித்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். டம்ளர் தரையில் கிடக்கும். பேனா நிற்கவில்லை. மனு எழுதக் கேட்டு வந்தவர்களிடம் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். ஒரே கண்ணாடி ரெண்டு வருஷமாக உடைந்துகொண்டே இருந்தது.

சட்டைப் பொத்தான்தான் பெரிய எதிரி. ஒரு நாள் காலையில் கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, திறந்த மார்போடு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே எல்லாச் சட்டையிலும் பொத்தானைப் பிரித்து, அழுத்தினால் ஒட்டிக்கொள்கிற பட்டன் வைத்துத் தைத்தாள். பழைய பொத்தான்களை அதன் மேலேயே சும்மா அழகுக்குத் தைத்துவிட்டாள்.

"பாத்தா யாருக்கும் தெரியாது. ஊரே வந்து பாத்தாலும் பொத்தான் போட்ட சட்டைதான்" என்றாள்.

இப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டிக்கொண்டவன் கொடுத்து வைத்தவன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வருஷம் குவாரி கேட்டில் நிற்கிற காவல்காரர் ஓய்வு பெறப் போவதாகச் செய்தி வந்தது. லாரி வந்தால் தடுப்புக் கம்பைத் தூக்கணும், போனால் இறக்கணும். கம்பின் மறுமுனையில் பாரம் கட்டியிருப்பதால் முழங்கையை வைத்து அழுத்தினாலே போதும். தாளக்காரருக்கு ஆசை வந்துவிட்டது. ஆசை என்ன ஆசை! கேட்டில் நின்றால் தரை ஆடாது, அவ்வளவுதான். வேறெதுவும் அவர் கேட்கவில்லை. ஓய்வு பெற மிச்சமிருக்கிற ஆறு வருஷமும் ட்ரில்லோடு நின்றால் கையே மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்.

ஆனால் லேசான வேலைக்கு மாற வேண்டுமென்றால் கம்பெனி டாக்டர் சீட்டு தர வேண்டும். டாக்டர் மாசத்துக்கு ஒரு நாள்தான் வருவார். வருகிற மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று தாளக்காரர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதற்குள் ட்ரில் பிடிக்கிறவர்கள் பதினோரு பேரும் சேர்ந்து ஒரு மனு கொடுத்தார்கள். பழைய ட்ரில்லை மாற்றி ரப்பர் பிடி போட்ட புது ட்ரில் வேண்டும், ஒரு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் ஓய்வு வேண்டும். வாசகம் தாளக்காரருடையது, எழுதினவர் அவருடைய சகலை. சகலை என்றால் மனைவியின் தங்கையைக் கட்டியவர், இவரோடு அதே பாறையில் நிற்கிறவர். அவர் எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தாலும் விஷயம் புரியும்படிதான் இருந்தது.

புரிந்திருக்கிறது. மூன்றே வாரத்தில் பதில் வந்தது, அட்டைப் பெட்டிக்குள். தொழிலாளர் நல அதிகாரி என்று டை கட்டிய ஓர் இளவட்டம் உண்டு. அவரே முன்னால் நின்று ஓய்வறையில் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே எடை பார்க்கிற மெஷின்போல ஒரு மேடை, அதிலிருந்து ஒரு தண்டு, தண்டின் மேலே ரெண்டு கைப்பிடி.

"இதுக்கு மேல ஏறி நின்னா போதும். அதுவே அதிரும். ரத்த ஓட்டம் சீராகும், தசை தளரும், நரம்பு ரிலாக்ஸ் ஆகும். வெளியில இதுக்குக் காசு குடுத்துட்டு வரிசையில நிக்கறாங்க. நம்ம கம்பெனி உங்களுக்கு இலவசமாக் குடுக்குது" என்றார் அதிகாரி.

குதிரை கீழே தள்ளினதுமில்லாமல் குழியும் பறித்த கதை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் குதிரை டை கட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்று யார் கண்டது?

சகலைதான் வாயைத் திறந்தார். "சார், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நாங்க இதைத்தானே செஞ்சுட்டிருக்கோம்? இது நல்லதுன்னா நாங்கல்லாம் இந்நேரம் பயில்வான் ஆயிருக்கணுமே!"

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். அவர் சிரித்தால் நம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். "சீனியர் யாரு? தாளக்காரரா? ஏறுங்க அண்ணே, நீங்கதான் திறந்து வைக்கணும்" என்றார்.

மறுக்கத் தெரியாது தாளக்காரருக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கைப்பிடியைப் பிடித்தார். அதிகாரி பொத்தானை அழுத்த, மேடை அதிர்ந்தது. தொடை குலுங்கிற்று, தொந்தி குலுங்கிற்று, கன்னம் ரெண்டும் தனித்தனியாக ஆடின. பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது. பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. அந்த நேரம் பார்த்து அதிகாரி போட்டோ எடுத்தார்.

மெஷின் நின்றது. தாளக்காரர் இறங்கவில்லை.

"போதும் அண்ணே, இறங்குங்க. அடுத்தவங்களுக்கும் விடுங்க!"

இறங்க முடியவில்லை. குலுக்கல் பட்டதும் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி இறுகிவிட்டன. ட்ரில்லிலும் அப்படித்தான் ஆகும். விடு என்று அவர் சொல்வது விரலுக்குக் கேட்கவில்லை. அவர் விளையாடுகிறார் என்று நினைத்து மற்றவர்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் போய், தன் உடம்பால் மற்றவர்களுக்கு மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நெம்பிப் பிரித்துவிட்டார்.

"வலிக்குதா அண்ணே?"

"தெரியல" என்றார் தாளக்காரர்.

பிறகு அதிகாரி ஒரு தாளை நீட்டினார். கருத்துப் படிவமாம். 'மிக நன்று' என்ற கட்டத்தில் அவரே டிக் போட்டுவிட்டார். கையெழுத்து மட்டும் வேண்டும். தாளக்காரர் பேனாவை வாங்கினார், விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. "பரவால்ல, கட்டைவிரல் வைங்க, நேரமாகுது" என்றார் அதிகாரி. குவாரிக்கே மனு எழுதிக் கொடுத்த ஆள் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பினார்.

டாக்டர் வந்த அன்று அவர் அழகுப் பொத்தான் வைத்த சட்டையில் நல்லதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆளுக்கு மூன்று நிமிஷம். கை வெளுக்கிறது, மரத்துப் போகிறது, பிடி நிற்கவில்லை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று மனைவி சொல்லிக் கொடுத்திருந்தாள். அவரும் சொன்னார். அன்றைக்கு வெயில் கொளுத்திற்று, விரல்கள் நல்ல நிறமாக இருந்தன. அவையும் எதிரி பக்கம் சேர்ந்துகொண்டன.

டாக்டர் ஃபைலைத் திருப்பினார். அதில் அந்தக் கருத்துப் படிவம் இருந்தது, மேலே போட்டோ ஒட்டியிருந்தது.

"இது நீங்கதானே? போன மாசம்?"

"ஆமாங்கய்யா."

"நல்லா கெட்டியாப் புடிச்சிருக்கீங்களே!"

"அது புடிச்சது இல்லீங்கய்யா. விட முடியாம நின்னது."

"அப்போ எதுக்குச் சிரிச்சீங்க?"

என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் இருக்கிறது? பாழாய்ப்போன சிரிப்பு வந்து தாளக்காரர் முகத்தில் உட்கார்ந்துகொண்டது.

"பாருங்க, இப்பவும் சிரிக்கறீங்க" என்றார் டாக்டர்.

கடைசி முயற்சியாகத் தாளக்காரர் குனிந்து போட்டோவின் கீழே காட்டினார். "இங்க பாருங்கய்யா. கைநாட்டு. என்னால பேனா புடிக்க முடியல."

டாக்டர் பார்த்தார். இரக்கத்தோடுதான் கேட்டார், அதுதான் கொடுமை: "நீங்க படிக்கலையா?"

தாளக்காரர் வெளியே வந்துவிட்டார். சீட்டில் எழுதியிருந்ததைப் படிக்க அவருக்கு யாரும் தேவைப்படவில்லை. 'பிடி நன்றாக உள்ளது. அதிர்வு மேடைப் பயிற்சியைத் தொடரலாம்.' கேட் வேலை மேனேஜருடைய டிரைவரின் மச்சானுக்குப் போயிற்று. அவனுக்கு வயது முப்பது, கை ரெண்டும் கடப்பாரை.

அடுத்த வாரம் நல அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கல் வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர்கள் இப்போதெல்லாம் தொழிலாளி நலன் எப்படி என்று பார்க்காமல் ஆர்டர் கொடுப்பதில்லையாம். அவர்கள் வரும்போது ஓய்வறையில் ஓர் ஆள் வேண்டும். மற்ற நேரத்தில் ஷிப்டு மாறுகிறவர்களுக்கும் ஏறி நின்று காட்ட வேண்டும்.

"உங்க சிரிப்பு மேனேஜருக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு அண்ணே. லேசான வேலை கேட்டீங்கல்ல? இதோ!"

"சார், நான் கேட்டது ஆடாத வேலை."

"தூசி இல்ல, வெயில் இல்ல, ஃபேன் இருக்கு. வேணாம்னா சொல்லுங்க, திங்கக்கிழமை பாறைக்கே போயிடலாம்."

மென்று முழுங்கிவிட்டு, சரி என்றார்.

புது வேலைக்குக் கம்பெனி நீலச் சட்டை கொடுத்தது. ஏழு பொத்தான், எல்லாம் நிஜப் பொத்தான். மாற்றித் தைக்கக் கூடாது என்று உத்தரவு. மனைவி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை; லேசான வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

முதல் நாளே மூன்று பேர் பார்வையிட வந்தார்கள். தாளக்காரர் ஏறி நின்றார், பிடித்தார், குலுங்கினார், சிரித்தார். "இருபத்தாறு வருஷம் ட்ரில் புடிச்சவர். கையைப் பாருங்க, இரும்பு!" என்றார் அதிகாரி. வந்தவர்களில் ஓர் அம்மாள் கைகூடத் தட்டினாள். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மெஷின் நின்றுவிட்டது. விரல்கள் கைப்பிடியில் இருந்தன. நெம்பிவிடச் சகலை இல்லை, அவர் பாறையில் இருந்தார். கூப்பிட்டால் யாராவது வருவார்கள்தான், ஆனால் என்னவென்று கூப்பிடுவது? விரல்கள் தாமாக இளகுகிறவரை தாளக்காரர் ஆடாத மேடைமேல் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரை ரெண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அங்க என்னங்க வேலை?"

"சும்மா நிக்கற வேலைதான்."

"அப்பாடா! என் வயித்துல பாலை வார்த்தீங்க. இத்தனை வருஷம் கழிச்சாவது விடிஞ்சுதே!" என்றவள், டம்ளர் விளிம்பில் டீ அலையடிப்பதைப் பார்த்துவிட்டாள். "கை இன்னும் ஆடுதே?"

"பழைய பழக்கம். போகப் போக நின்னுடும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள்.