கோதண்டம் வீட்டுப் பச்சை நாற்காலிகள்

“…அதோ, சமையல்கட்டுல நிக்கிற அம்மாகூட எனக்குச் சொந்தம் இல்லீங்க. நாக்காலிங்ககூட வந்தவங்க. இந்த வீட்ல நான் ஒண்டியாத்தான் இருக்கேன்,” என்று கோதண்டம் சொன்னார்.

சமையல்கட்டில் கேசரித் தட்டோடு நின்ற அந்த அம்மா நான்தான். என் பக்கத்தில் அவருடைய மகள் கவிதா, பூ வைத்துக்கொண்டு. கூடத்தில் அவளைப் பெண் பார்க்க வந்த நாலு பேர். அதில் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் எழுந்து நிற்கிறார். அவருடைய பட்டுப்புடவையின் பின்பக்கத்தில் நான் அடித்த பச்சைப் பெயிண்ட் வரிவரியாக ஒட்டியிருக்கிறது.

பழைய மரச் சாமான்களை வாங்கி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்திக் கொடுப்பது என் தொழில். இப்போது நிறையப் பெண்பிள்ளைகள் போனில் பார்த்து இதைக் கற்றுக்கொள்கிறார்கள். என்னிடமும் வந்து கேட்கிறார்கள். நன்றாக வந்த வேலைகளைச் சொன்னால் கேட்க இனிப்பாக இருக்கும். இந்த வேலையைச் சொன்னால் கைக்கு உதவும்.

1. தப்புக் கலர்

விழுப்புரத்தில் ஒரு பெயிண்ட் கடை கவுன்ட்டரில் பதினாறு வருஷம் நின்றேன். கலர் கலக்கும் மெஷின் என் பொறுப்பு. வருகிறவர்கள் கார்டில் ஒரு கலரைக் காட்டுவார்கள். கலந்து கொடுத்தால், “இது இல்லீங்க, வேற,” என்பார்கள். கலந்த பெயிண்டைப் பிரிக்க முடியாது. மூடியில் ஒரு சொட்டு அடையாளம் வைத்துப் பின்னால் அடுக்கிவிடுவோம். முதலாளி அந்த அடுக்கைப் பார்க்கும்போதெல்லாம், “தப்புக் கலரு தயிரு மாதிரி மல்லிகா. வச்சா புளிச்சிடும், ஜல்தி தள்ளு,” என்பார். யாரிடம் தள்ளுவது? அடிமாட்டு விலைக்கு நானே எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன்.

கோலியனூரில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. வீட்டுக்காரர் இறந்த பிறகு, கடை விட்டு வந்தால் ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. ஒருநாள் சும்மா கிடந்த ஸ்டூலை எடுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்தச் சத்தம் வீட்டில் இன்னொருவர் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருந்தது. மறுநாளும் தேய்த்தேன். தொழில் அப்படித்தான் வந்தது. ஒருத்தர் வேண்டாம் என்ற சாமான், இன்னொருத்தர் வேண்டாம் என்ற கலர். இரண்டையும் சேர்த்து வைத்தால் மூன்றாவதாக ஒருத்தர் வந்து வேண்டும் என்பார்.

2. ஆள் இருக்கிற கலர்

கோதண்டம் திண்டிவனத்துக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பள்ளிக்கூடம் போகும்போதே மனைவி இறந்துவிட்டார். மகள் கவிதாவுக்குச் சென்னையில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள். யாரோ சொல்லி என் கொட்டகையைத் தேடிக்கொண்டு வந்தார். வந்து அரை மணி நேரம் சாமான்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில், “வீட்ல நாலு பேர் இருக்கிறாப்புல தெரியணும்மா,” என்றார்.

“என்னா கலர்ல வேணும்ண்ணா?”

“கலரு என்னா கலரு. ஆள் இருக்கிற கலரு.”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனந்தபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்களாம். விவசாயக் குடும்பம். பையனும் கவிதாவும் ஏற்கெனவே போனில் பேசி, ஒருவருக்கு ஒருவர் பிடித்துப்போயிருக்கிறது.

“இதுக்கு முன்னாடி ஒரு எடம் வந்தாங்கம்மா. வாசல்ல செருப்ப மாட்டிக்கினே பேசிக்கினாங்க. எனக்கு காது கூர்மை. ஓடற பஸ்ல சில்லற விழுந்தா இது அஞ்சு ரூபா, இது ரெண்டு ரூபான்னு சொல்லுவேன். ‘பொண்ணோட சேந்து அப்பனும் சீரா வந்துடுவான் போல’ன்னாங்க. வீட்டப் பாத்தாலே தெரிஞ்சி போவுதாம், ஒண்டிக்கட்டன்னு. இந்த எடமும் என்னால நின்னு போச்சின்னா, எந்த மூஞ்ச வச்சிக்கினு அவளுக்கு போன் பண்றது?”

மறுநாள் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். தனி ஆள் வீட்டைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். என் வீடும் அதே ஜாதிதான். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் தரை பளபளப்பாக இருக்கும், மற்ற இடத்தில் தூசி. கட்டிலில் ஒரு பாதியில் படுக்கை, மறு பாதியில் பேப்பரும் மருந்துச் சீட்டும். கொடியில் ஒரே துண்டு. கழுவிக் கவிழ்த்த ஒரே தம்ளர். யாரும் பார்க்காத டிவி, சத்தத்துக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. இரும்புச் சட்டத்தில் வயர் பின்னியது. ஒரே ஆள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, நடுவில் அந்த ஆளின் அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

“ஒரே நாக்காலியாண்ணா?”

“கண்டக்டர் நின்னுக்கினே ஊர் சேர்றவன்மா. அவனுக்கு இதுவே ஜாஸ்தி.”

“இது இங்க இருக்கக் கூடாதுண்ணா. இது ஒன்னே போதும், காட்டிக் குடுத்துடும்.”

நானே அதைத் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்தில் பாத்ரூமுக்குப் பின்னால் வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். கோதண்டம் கொஞ்ச நேரம் கூடத்தில் எங்கே நிற்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

3. ஆடை கட்டின டப்பா

ஆறு நாற்காலி சேர்த்தேன். மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டிலிருந்து இரண்டு, கைமாறிய மெஸ் ஒன்றிலிருந்து இரண்டு, மாற்றலாகிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து இரண்டு. உயரம் வேறு, முதுகு வேறு. உயரமானவற்றின் காலை அறுத்துச் சமமாக்கினேன். ஆறுக்கும் ஒரே கலர் அடித்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி தெரியும். இது இந்தத் தொழிலில் பெரிய சூத்திரம். ஒட்டாத சாமான்களை ஒட்டவைப்பது கலர்தான். இரண்டு தையல் மெஷின் ஸ்டாண்டு மேல் பழைய கதவு ஒன்றைப் படுக்கப் போட்டு, தாழ்ப்பாள் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, சாப்பாட்டு மேஜை ஆக்கினேன். காட்டன் புடவைகள் ஜன்னலுக்குத் திரை ஆயின.

நாற்காலிக்கு ஒரு பச்சை டப்பா வைத்திருந்தேன். யாரோ கிளிப்பச்சை கேட்டு, பாசிப்பச்சை வந்துவிட்டதென்று விட்டுப்போனது. திறந்தால் மேலே பாலாடை மாதிரி தடித்து ஆடை கட்டியிருந்தது. ஆடையை எடுத்துப்போட்டு, துணியில் வடிகட்டி, டர்பெண்டைன் கொஞ்சம் ஊற்றிக் கலக்கினேன். பழைய எனாமல் இழுத்து இழுத்துத்தான் காயும். இதை எத்தனை கஸ்டமருக்கு நான் சொல்லியிருப்பேன். ஆனாலும் புது டப்பா வாங்க மனசு வரவில்லை. இருக்கும்போது எதற்கு என்று தோன்றியது. சிக்கனம் என் தொழில், சிக்கனமே என் கண்ணைக் கட்டியது.

செவ்வாய், புதன் இரண்டு கோட்டு அடித்தேன். வியாழக்கிழமை குட்டி யானை வண்டியில் ஏற்றித் திண்டிவனம் கொண்டுபோனோம். வழியில் கயிறு உரசி, உட்காரும் பலகைகளில் கோடு விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அங்கேயே இன்னொரு கோட்டு. அன்றைக்குப் பிடித்தது ஐப்பசி மழை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு நாற்காலியிலும் விரல் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறந்துவைத்தேன். அப்புறம் சின்ன வேலைகள். கொடியில் நான் கொண்டுவந்த மூன்று துண்டுகளைக் காயப்போட்டேன். வாசலில் பழைய செருப்பு மூன்று ஜோடி. கழுவிக் கவிழ்க்க ஆறு தம்ளர்.

அன்று சென்னையிலிருந்து கவிதா வந்தாள். கூடத்தைப் பார்த்து, “சூப்பரா இருக்குது ஆன்ட்டி,” என்றாள். தோட்டத்துப் பக்கம் போனவள் கொடியைப் பார்த்து நின்றாள்.

“யாரு துண்டு ஆன்ட்டி இதெல்லாம்?”

சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தெனமும் போன்ல கேப்பேன். ‘பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பேசிக்கினு இருக்காங்கம்மா’ம்பாரு. சத்தமும் கேக்கும். டிவிதான் போல.”

நான் கிளம்பும்போது கோதண்டம் கேட் வரைக்கும் வந்தார். “நாளைக்கி நீயும் இருந்துடும்மா. தங்கச்சின்னு சொல்லிக்கிறேன். ஒரு ஆளு கொறையுது,” என்றார். சரி என்றேன். கோலியனூர் வரைக்கும் பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரர் போனதிலிருந்து, பதினோரு வருஷமாக, என்னை யாரும் சொந்த முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை.

4. விரல் பொய் சொல்லும்

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடம் கடைசியில் வந்தால் யாரும் படிப்பதில்லை.

எனாமல் பெயிண்ட் தொட்டால் ஒட்டாது, உட்கார்ந்தால் ஒட்டும். விரலுக்கு எடையும் இல்லை, சூடும் இல்லை. ஆள் உட்கார்ந்தால் இரண்டும் உண்டு. மழை நாளில் ஒரு வாரமாவது காயவிடுங்கள். ஆடை கட்டின டப்பாவை ஃபோட்டோ பிரேமுக்கு அடியுங்கள், பூந்தொட்டிக்கு அடியுங்கள், உட்காரும் சாமானுக்கு வேண்டாம். இது ஒரு பாடம்.

இன்னொன்று. வீட்டுக்காரர் தினமும் புழங்கும் சாமானில் ஒன்றையாவது கூடத்திலேயே வையுங்கள். அதைச் சுற்றி மற்றதை அமையுங்கள். அதை நான் சாக்குப் போட்டு மூடினேன். மூடினது பெயிண்ட் தப்பைவிடப் பெரிய தப்பு.

கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். தை மாதம் நடந்தது. மாப்பிள்ளை அம்மாவின் புடவையை நான் டர்பெண்டைன் தொட்டுத் தொட்டு எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடு மட்டும் போகவே இல்லை. கோதண்டம் இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். ஆறு நாற்காலியும் இருக்கின்றன. “ஒரு நாளைக்கி ஒரு சீட்டா மாறி மாறி உக்காந்துக்கிறேன்மா. காலி வண்டிய சும்மா ஓட்டிக்கினு போனா பேஜாரா இருக்குது,” என்பார். அந்தப் பக்கம் வேலையாகப் போனால் நானும் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவேன். இப்போது ஒட்டுவதில்லை.

அந்தச் சம்பந்தம் கூடியதற்கு என் அலங்காரம் காரணமில்லை. அன்றைக்கு அவர் செய்ததுதான் காரணம்.

5. ஞாயிற்றுக்கிழமை

மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, சித்தப்பா. நாலு பேரும் நாலு பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் கண்டக்டர் பழக்கத்தில் நின்றுகொண்டே பேசினார். மாப்பிள்ளை அம்மா பின்வாசல் வரைக்கும் பார்வையால் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

“கொடியில துணி ரொம்ப கீதே. கூட யார் யாருங்க இருக்காங்க?”

“வந்து போவாங்க. அது தங்கச்சிங்க,” என்று என்னைக் காட்டினார்.

நான் கேசரியை எடுத்துவைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, என்ன விலை என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அம்மா, “சரி, பொண்ணு கூச்சப்படுது போல. நானே போய்ப் பாக்கறேன்,” என்று எழுந்தார்.

நாற்காலியும் எழுந்தது. ஒரு சாண் மேலே வந்து, சர்ரென்று பிய்ந்து, தொப்பென்று விழுந்தது.

“என்னாங்க இது, நாக்காலி என்கூடவே வருது,” என்றார். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். திரும்பிப் புடவையைப் பார்த்தபோதுதான் முகம் மாறியது. மற்ற மூன்று பேரும் எழுந்திருக்கத் துணியாமல் அப்படியே இருந்தார்கள். கவிதா என் முழங்கையைப் பிடித்தாள்.

பெயிண்டர் பண்ணின வேலை என்று கோதண்டம் என் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். அது உண்மையும்கூட. நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன்.

“தப்பு பெயிண்ட்டு மேல இல்லீங்க,” என்றார் கோதண்டம். “காயறதுக்குள்ள உங்கள உக்கார வச்சது நான்தான். இது எல்லாம் வியாழக்கிழம வண்டியில வந்து எறங்கினது. கொடியில தொங்கற துண்டு, வாசல்ல கீற செருப்பு, ஒன்னுகூட இந்த வீட்டுது இல்ல. நாலு பேர் இருக்கிற வீடுன்னு நீங்க நெனைக்கணும்னு பண்ணேன்.” பிறகுதான் என்னைக் காட்டி, இந்தக் கதையின் முதல் வரியாக நான் எழுதியதைச் சொன்னார். முடிவில், “ஒண்டியா இருக்கேன், ஒண்டியாவே இருந்துக்குவேன். என் பொண்ணு பின்னாடி உங்க வீட்டுக்கு வந்து நிக்க மாட்டேன்,” என்றார்.

மாப்பிள்ளை அம்மா ஆறு நாற்காலியையும் ஒருதரம் பார்த்தார். அப்புறம் அவரைப் பார்த்தார்.

“அப்ப நீங்க எதுலதான் உக்காருவீங்க?”

கோதண்டம் எங்களைத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் போனார். சாக்கு இழுபடும் சத்தம் கேட்டது. வயர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தோளில் இருந்த துண்டால் அதன் மழை ஈரத்தைத் துடைத்து, கூடத்து நடுவில் மாப்பிள்ளை அம்மாவுக்காகப் போட்டார்.

“இதுல உக்காருங்க. இது ஒட்டாது.”

மாப்பிள்ளை அம்மா உட்காரும் வரைக்கும் கோதண்டம் நின்றார். பிறகு, அன்றைக்கென்றே வாங்கிக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியோடு, அந்த அம்மாவின் புடவையைப் பிடித்த அதே பச்சை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.