பதின்மூன்றாம் தளத்தில் ஒருவர்

அத்தான் கெட்டுப்போய்விட்டார் என்ற செய்தி எனக்குச் சித்தி மூலம் வந்தது. சித்திக்கு அதைச் சொன்னவர் அவருடைய தையல்காரம்மா. தையல்காரம்மாவுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் எதுக்கு உனக்கு?" என்று சித்தி அடக்கிவிட்டார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் தினமும் மத்தியானம் மொட்டை மாடிக்குப் போயி, லிஃப்ட் மோட்டார் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிறாராம்டா. உள்ள ஒரு பொம்பளைக் குரல் கேக்குதாம். இவரு, 'சரிங்க மேடம், புரியலைங்க மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்'னு கொஞ்சுறாராம். நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

கடல் கடந்து இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எதுவும் நடந்து வராது, ஆம்புலன்ஸில்தான் வரும். வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அக்காவை அழைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், தண்ணீர் வருகிறதா, வெயில் எப்படி என்றெல்லாம் சுற்றி வளைத்தேன்.

"சித்தி ஃபோன் பண்ணாளா?" என்றாள் அக்கா.

"இல்லையே."

"அந்தப் பொம்பளையை நானும் பாத்தேன்டா. தங்கமான பொண்ணு. எத்தனை தடவை நிறுத்தினாலும் கோவிச்சுக்கிறதில்ல. திரும்ப முதல்ல இருந்து சொல்றா. நான்கூட இந்த மனுஷன்கிட்ட அவ்வளவு பொறுமையா இருந்தது கிடையாது."

"அக்கா!" என்று கத்தினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "வீடியோடா! கோடிங் சொல்லிக் குடுக்கிற வீடியோ! உங்க அத்தான் அவகிட்ட பதில் பேசிட்டு இருக்காரு."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அத்தானுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. லிஃப்ட் மெக்கானிக். அவரும் அக்காவும் குடியிருக்கும் அதே பதினைந்து மாடிக் கட்டிடம் உட்பட, பதினொரு கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பு. இருபத்தோரு வருடங்களில் எத்தனையோ பேரை நடுவழியில் நின்ற லிஃப்டுகளிலிருந்து கைகொடுத்து இறக்கியிருக்கிறார். தான் மட்டும் ஒருமுறைகூட மாட்டியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவரைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளியது அவருடைய வலது முழங்கால். மோட்டார் ரூமுக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். "இன்னும் ரெண்டு வருஷம். அதுக்கப்புறம் ஏணியைப் பாத்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி ஏற முடியாதவருக்கு லிஃப்ட் கம்பெனியில் நாற்காலி கிடையாது. அந்த வாரம்தான், அவர் ஒரு நாள் முழுக்கப் போராடிய லிஃப்டை, ஓர் இளம் இஞ்சினியர் லேப்டாப்பைச் சொருகி நாலே நிமிடத்தில் ஓட வைத்துவிட்டுப் போனார். "உள்ள என்னமோ எழுதியிருக்கு மாப்ள. அதை மாத்துறாங்க. அப்ப நம்மாலயும் எழுத முடியும்தானே?" என்று என்னிடம் கேட்டார்.  நாற்பத்து நாலு வயதில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சொல்ல வாய் வரை வந்தது. "முடியும் அத்தான்" என்றேன்.

நான் இங்கே ஓர் அலுவலகத்தில் ஆவணங்களை இரண்டு மொழிகளுக்கிடையே மாற்றிக் கொடுப்பவன். ஆகவே, கம்ப்யூட்டர் திட்டும் திட்டுகளை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. தினமும் திரையைப் படமெடுத்து அனுப்புவார். "இது என்ன திட்டுது மாப்ள?"

"எதிர்பாராத இடத்துல அடைப்புக்குறி வந்துடுச்சாம் அத்தான்."

"எதிர்பாத்திருக்கணும்ல? அதுக்கு வேற என்ன வேலை?"

இன்னொரு நாள்: "ஏழாவது வரியில எதையோ காணோமாம்."

"ஏழாவது வரியே காலியாத்தானே இருக்கு! காலியான இடத்துல எதைக் காணோம்?"

சனிக்கிழமைகளில் நூலகத்தின் மேல்மாடியில் இலவச வகுப்பு நடந்தது. அவர்தான் அங்கே மூத்த மாணவர். முதல் நாள் உள்ளே நுழைந்தவரைப் பார்த்து, ஏசி ரிப்பேருக்கு வந்தவர் என்று நினைத்து ஒருவர் ரிமோட்டைக் கையில் கொடுத்திருக்கிறார். அத்தானும் ஏசியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இரண்டாவது வகுப்பில் ஒரு விஷயம் நடந்தது. பட்டியலில் முதல் பொருளின் எண் ஒன்று அல்ல, பூஜ்ஜியம் என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பே குழம்பியது. பூஜ்ஜியத்திலிருந்து யாராவது எண்ணுவார்களா என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். அத்தான் மட்டும் புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு அது கிரவுண்ட் ஃப்ளோர் மாப்ள! இருபது வருஷமா பூஜ்ஜியத்துல இருந்துதான் எண்ணிட்டிருக்கேன்!" அன்றைக்கு அவர் குரலில் இருந்த துள்ளலை நான் மூன்று நாள் சுமந்து திரிந்தேன்.

அதன் பிறகு அவருக்கு எல்லாமே லிஃப்ட்தான். வாசலில் காத்திருக்கும் கட்டளைகள் எந்த ஒழுங்கில் உள்ளே போகும், கதவு மூடினால் என்ன ஆகும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் யாருக்கு முதலில் என்று எதை எடுத்தாலும் அவரிடம் ஒரு மாடி இருந்தது. அக்காதான் பாவம். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமான்னு கேட்டா, 'பசிச்சா வை, இல்லைன்னா காத்திரு'ங்கிறாருடா. எனக்கே கோடு எழுதிக் குடுக்கிறாரு."

ஒன்றரை வருடத்தில் அவர் தன் கையால் ஒரு புரோகிராம் செய்தார். ஒவ்வொரு லிஃப்டின் வாசலிலும் ஒரு தாள் ஒட்டினார். அதிலிருக்கும் கட்டத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து, லிஃப்ட் நிற்கும் மாடியின் எண்ணையும் உள்ளே எத்தனை பேர் என்பதையும் அழுத்தினால் போதும்; அத்தானுடைய ஃபோனுக்குத் தகவல் வந்துவிடும், அழுத்தியவர் திரையிலும் அதே வரி தெரியும். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால் இரண்டு எண்களையும் அழுத்த வேண்டும். புரோகிராம் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே என்றால் ஐந்தரை. எளிமை. அழகு. அதைக் காட்டித்தான் ஒரு சின்னக் கம்பெனியில் நேர்காணல் வரை போனார். கட்டிடப் பராமரிப்புக்கு மென்பொருள் எழுதும் கம்பெனி அது. மொத்தம் ஏழு பேர், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில்.

நேர்காணல் செய்தவரை அவர் 'சுருட்டைமுடி மேடம்' என்றுதான் சொல்வார். மேடம் அவருடைய புரோகிராமை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றிருக்கிறார்.

"மாடிகளோட வரிசையில பன்னெண்டுக்கு அப்புறம் ஒரு இடம் காலியா இருக்கே, ஏன் சார்?"

"அது பதிமூணு மேடம். எங்க கட்டிடத்துல பதிமூணாவது மாடி கிடையாது. ராசியில்லைன்னு கட்டினவங்க விட்டுட்டாங்க. பன்னெண்டுக்கு மேல நேரா பதினாலு."

"அந்த மாடியில இருந்து புகார் வந்தா?"

"வராது மேடம். இல்லாத மாடியில யார் இருக்கப் போறாங்க?"

"யூசர் இருப்பாங்க சார்" என்றாராம் மேடம். நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். முடிவு எதுவானாலும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் அழைப்பதாகச் சொல்லி அனுப்பினார். அத்தானுக்கு அது நல்ல நகைச்சுவையாகத் தோன்றியது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எனக்கு அந்த நோட்டு உறுத்தியது. என்ன எழுதியிருப்பார்? டாக்டர் கொடுத்த இரண்டு வருடம் அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. லிஃப்ட் கம்பெனியும் கணக்குத் தீர்க்கக் காகிதத்தைத் தயாராக வைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை. அங்கே பிற்பகல், எனக்குக் காலை. அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் நேரம் மூன்று மணிக்கே அக்காவின் ஃபோனில் வீடியோவாக உட்கார்ந்துகொண்டேன். அக்கா என்னைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். பக்கத்தில் அத்தானின் ஃபோன் சார்ஜில் கிடந்தது. காலையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தே அதன் உயிரை வாங்கியிருந்தார்.

"என்னங்க, உக்காருங்க. உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"ஒரு நிமிஷம். லிஃப்ட் கதவு காலையில கிரீச்னுது. பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னைக்கா?"

"கையைச் சும்மா வெச்சிருந்தா நடுங்குதும்மா" என்று சொல்லி, டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஃபோனை விட்டுவிட்டுப் போனதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்த ஃபோன் 'டிங்' என்றது. அக்கா பாய்ந்து எடுத்தாள். அழைப்பு அல்ல, செய்தி. சத்தமாகப் படித்தாள்: "லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒருவர். இடம்: அப்படி ஒரு தளமே இல்லை. நிம்மதியாகப் போய்த் தூங்கவும்."

"என்னடா இது?"

டிங். நிம்மதியாகப் போய்த் தூங்கவும். டிங். டிங். யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத்தான் முதலில் உறைத்தது. அது அத்தானின் எழுத்து நடை. நேர்காணலுக்கு அப்புறம் அந்தக் காலி இடத்தைச் சும்மா விடாமல் விளையாட்டுக்கு எழுதி வைத்து, அழிக்க மறந்திருக்கிறார். "அக்கா, பன்னெண்டும் பதினாலும்! கூட்டிப் பாதியாக்கினா எவ்வளவு?"

"பதிமூணு."

 சொன்ன வேகத்தில் அக்கா அலறினாள். "ஐயோ, உள்ள இருக்கிறது இவரு!"

இரண்டு ஃபோன்களையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு ஆறாவது மாடியிலிருந்து படியேறினாள். எனக்குச் சுவரும் கைப்பிடியும் அக்காவின் மூக்குத்துவாரமும் மாறி மாறித் தெரிந்தன. "மெதுவாக்கா, விழுந்துடாதே!" என்று நான் கத்த, "பதிமூணு இல்லாததால ஒரு மாடி மிச்சம்டா!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

பதினாலாம் மாடியில், அங்கே குடியிருக்கும் பியானோ டீச்சர் லிஃப்ட் வாசலில் நின்று ஃபோனை அழுத்திக்கொண்டிருந்தார். "எத்தனை தடவை புகார் குடுத்தாலும் போய்த் தூங்குங்குது! உள்ள இருக்கிற ஆளு சிரிச்சுக்கிட்டே இருக்காரு, எனக்குப் பயமா இருக்கு."

நிஜமாகவே உள்ளேயிருந்து சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க! ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் இல்லைம்மா! கை நடுங்கிச்சுல்ல, ஒரு திருகை முழுசா முடுக்காம விட்டுட்டேன். பன்னெண்டைத் தாண்டி நின்னுடுச்சு. உள்ள இருக்கிற இன்டர்காம்ல சொல்லிட்டேன், நம்ம ஆளு சாவியோட வந்துட்டிருக்கான், பத்து நிமிஷம். அதை விடு! டீச்சர் படிச்சுக் காட்டினாங்க! இல்லாத மாடியில நான் நிக்கிறேன்மா! யூசர் இருப்பாங்கன்னு அந்த மேடம் சொன்னாங்கல்ல? நான்தான் அந்த யூசர்! சராசரி எடுக்கக் கூடாது, ரெண்டு நம்பரையும் அப்படியே அனுப்பணும். ரெண்டே வரிதான், இப்பவே மாத்திடுவேன்! லேப்டாப்பை எடுத்துட்டு வா!"

"லேப்டாப்பா? மனுஷன் மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, லேப்டாப்பாம்!"

அப்போது அத்தானின் ஃபோன் அடித்தது. செய்தி இல்லை. அழைப்பு. திரையில் அந்தக் கம்பெனியின் பெயர்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். "எடு, எடு!" இது நான். "நான் என்னத்தைப் பேச? குளிக்கிறாருன்னு சொல்லவா?" இது அக்கா. "மொதல்ல எடுங்கம்மா, கட்டாயிடப் போகுது!" இது டீச்சர்.

"எடுக்காதே!" என்று உள்ளேயிருந்து அத்தான் கத்தினார். "அவங்க கேட்டதுக்கு இப்பத்தான் எனக்குப் பதில் தெரிஞ்சிருக்கு. இல்லைன்னு சொல்ல வந்திருந்தாலும் பரவாயில்ல, இதைச் சொல்லிட்டுத்தான் கேட்டுப்பேன். கதவை ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுங்க, சந்து விழும். ஃபோனை அதுல விடு, நான் பிடிச்சுக்கிறேன்!"

டீச்சரும் அக்காவும் இழுத்தார்கள். இரண்டு விரல் அளவுக்குச் சந்து விழுந்தது. கீழே, அத்தானின் எண்ணெய் படிந்த உள்ளங்கை ஏந்தியபடி நீண்டது. மூன்றாவது மணி. நாலாவது மணி.

"பிடிச்சுக்கோங்க!" என்று அக்கா ஃபோனை விட்டாள்.

உலகம் தலைகீழாகச் சுழன்றது. ஒரு கணம் இருட்டு. கீழே பன்னிரண்டு மாடி ஆழக் குழி. நான் ஊரில் இருக்கும் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பிறகு, 'பொத்'தென்று ஒரு சூடான கைக்குள் விழுந்தேன். விளக்கு வெளிச்சத்தில் மிக அருகே, வியர்த்து, நெற்றியில் கிரீஸ் கோடு விழுந்து, சிரிப்பும் திகைப்புமாக ஒரு முகம் என்னைப் பார்த்தது.

"மாப்ள! நீ எங்கே இங்க வந்தே?"

"அத்தான், மாத்திப் போட்டுட்டா! உங்க ஃபோன் மேல!"

"அடியேய்!" என்றார் அத்தான், அண்ணாந்து. அடுத்த நொடி அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என்னாலும்தான். மேலே அக்காவின், "ஐயையோ, தப்பானதைப் போட்டுட்டேனே!" மறுபடியும் கதவை இழுக்கும் உறுமல், மறுபடியும் அந்தச் சந்து, மறுபடியும் வெளிச்சக் கோடு. அத்தான் என்னைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்தியிருக்க வேண்டும். எனக்குத் துணியும் அவர் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தமும் மட்டும்தான். அதற்கும் மேலே, ஏழாவது முறையாக, ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.