ஏகாம்பரத்தின் பல்வரிசை

ஏகாம்பரத்துக்கு முன்பற்கள் கொஞ்சம் பெரியவை. அவற்றை அவர் ஒளித்து வைத்ததும் இல்லை.

விழுப்புரத்திலிருந்து மத்திய அரசு குமாஸ்தா வேலைக்கு டெல்லி வந்து இறங்கியபோது அவருக்கு இந்தியில் ஒரு சொல்கூடத் தெரியாது. பஸ் கண்டக்டர் திட்டினால் சிரித்தார். காய்கறிக்காரன் அழுகல் தக்காளியைத் தள்ளிவிட்டாலும் சிரித்தார். பிறகு இந்தி வந்து சேர்ந்தது, ஆனால் சிரிப்பு போகவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அது கொட்டாவி மாதிரி ஆகிவிட்டது. எதிரே யார் வந்து நின்றாலும் உதடு தானாகத் திறந்துகொள்ளும்.

அந்தச் சிரிப்போடுதான் ஒருமுறை தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்கப் போனார். "பார்லிமெண்ட் நடக்குதே" என்றார் அன்றைய அதிகாரி. சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். தாலி கட்டும்போது அண்ணன் இல்லை என்பதைத் தங்கை இன்றைக்கும் போனில் குத்திக் காட்டுவாள்.

2002 நவம்பரில் மறுபடியும் அதே நிலைமை. ஒரே மகள் கவிதாவுக்குத் திண்டிவனத்தில் புகுந்த வீட்டில் வளைகாப்பு. வளையல் போட்டு முடிந்ததும் பெற்றவர்கள்தான் அவளைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். "அப்பா வரலைன்னா நான் இந்த வாசப்படியத் தாண்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ரயில் டிக்கெட் எடுத்து ஒரு மாதமாகிறது. இரண்டு தடவை அதிகாரி கஸ்தூரிரங்கனிடம் போயாயிற்று. "செஷன் முடியட்டும், பாக்கலாம்" என்றார் அவர். இரண்டு தடவையும் ஏகாம்பரம் பல்லைக் காட்டிவிட்டு வந்தார். வண்டி ஏற இன்னும் இரண்டே நாள்.

இதற்கு நடுவில் குரங்கு வேறு. அலுவலகத்தில் அறுபது பேர் ஏறி இறங்குகிற மாடிப்படி அது. அதில் உட்கார்ந்திருக்கும் தடியன் குரங்கு ஒன்று ஏகாம்பரத்தின் சாப்பாட்டுப் பையை மட்டும் குறிவைத்துப் பிடுங்கியது. திங்கட்கிழமை புளியோதரை போயிற்று. செவ்வாயன்று சப்பாத்தி.

"ஏகாம்பரம் சார், உங்க சம்பந்தி வீட்டுக்காரரா?" என்று கேட்டாள் பக்கத்து மேசை சியாமளா. "உங்க லஞ்ச் வந்தா டாண்னு வந்துடறாரே!"

குரங்குகளை விரட்ட அலுவலகத்தில் ஆரிப்பை அமர்த்தியிருந்தார்கள். அவன் கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் கரிய முகத்தோடு ஒரு லங்கூர் குரங்கு. அதைக் கண்டால் மற்றக் குரங்குகள் ஓடும். அது நகர்ந்ததும் திரும்பி வரும். செவ்வாய்க்கிழமைக் கொள்ளையை ஆரிப், லங்கூரை வெளியே கட்டிவிட்டு, கீழ்ப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாபுஜி, அதைப் பார்த்து ஏன் பல்லைக் காட்டறீங்க?" என்றான் இந்தியில்.

"சும்மா, சிரிச்சேன்."

"அரே! அதுங்க ஜாதியில அது சிரிப்பு இல்ல. சின்னக் குரங்கு பெரிய குரங்குகிட்ட பல்லைக் காட்டும், 'நீ பெரியவன், என்னை விட்டுடு'ன்னு. நீங்க தினமும் போய் அதுகிட்ட அடிபணிஞ்சா அது சாப்பாட்டை எடுக்காம என்ன பண்ணும்? வாயை மூடுங்க. அதோட கண்ணை முறைச்சுப் பாக்காதீங்க, பின்னாலயும் போகாதீங்க. அவ்வளவுதான்!"

சொல்வது சுலபம். அன்று மாலை கிட்வாய் நகர் வீட்டில் ஏகாம்பரம் கண்ணாடி முன்னால் நின்று வாயை மூடிப் பழகினார். கண்ணாடியில் ஒரு மனிதரைப் பார்த்ததும் உதடு விரிந்தது. இழுத்து மூடினார். கன்னம் இரண்டும் துடித்தன.

"பல்லு வலியா?" மனைவி வத்சலா எட்டிப் பார்த்தாள். "அப்பவே சொன்னேன், அந்தக் கடலை மிட்டாய் வேணாம்னு." பதிலுக்குக் காத்திராமல் ஒரு கிராம்பை எடுத்து அவர் கடைவாயில் திணித்தாள். "கடிச்சுக்கிட்டே இருங்க. வாயத் தொறக்காதீங்க."

வாய் மூடியே இருந்தது! ஏகாம்பரம் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே நின்ற ஆளைக் கண்டு அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் காலை கடைவாயில் ஒரு கிராம்பு, பையில் வடை. தடியன் நடுப்படியில் உட்கார்ந்திருந்தது. அவர் கிராம்பை அழுத்திக் கடித்தார், பார்வையைச் சுவர்ப்பக்கம் வைத்தார், நிற்காமல் ஏறினார். குரங்கு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கைப்பிடிச் சுவருக்கு ஒதுங்கி, முதுகைச் சொறிந்துகொண்டது.

ஏகாம்பரம் தன் இருக்கைக்குப் போகவில்லை. லீவு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக கஸ்தூரிரங்கன் அறைக்குள் நுழைந்தார்.

"என்னய்யா, மறுபடியும் லீவா? அதான் சொன்னேனே, செஷன்..."

இந்த இடத்தில்தான் சிரிப்பு வரும். வந்தது. உதட்டோரம் வரைக்கும் வந்துவிட்டது. ஏகாம்பரம் கிராம்பைக் கடித்தார். காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கோத்தது. விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

கஸ்தூரிரங்கன் காத்திருந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வளைகாப்புன்னு போட்டிருக்கே. கவிதாவா? மந்திர் மார்க் ஸ்கூல்ல படிச்சாளே, அந்தக் குழந்தையா?"

ஏகாம்பரம் தலையை மட்டும் ஆட்டினார்.

"இல்லய்யா..." கஸ்தூரிரங்கன் நாற்காலியில் நெளிந்தார். அவருடைய உதடுகள் மெல்லப் பிரிந்தன. மேல்வரிசை தெரிந்தது, பிறகு கீழ்வரிசையும். "எப்பவும் சிரிச்சுண்டே கேப்பியா, ஏதோ போனாப் போறதுன்னு கேக்கறதா நெனச்சுட்டேன். இவ்வளவு முக்கியம்னு சொல்லப்படாதோ?"

கையெழுத்து விழுந்தது. பத்து நாள். "கீழே நிர்வாகப் பிரிவுல கொடுத்துடு. ஜல்தி!"

ஏகாம்பரம் கிராம்பை விழுங்கிவிட்டு "தேங்க்ஸ் சார்" என்றார். சாப்பாட்டுப் பையும் கையுமாகக் கீழே கிளம்பினார். கவிதாவின் கை நிறைய வளையல் கண்முன்னே வந்தது. வாயில் கிராம்பு இல்லை. படியில் கால் வைக்கும்போதே முப்பத்திரண்டு பல்லும் வெளியே வந்துவிட்டன.

தடியன் நிமிர்ந்து பார்த்தது. ஒரே தாவல். பை போயிற்று.

விண்ணப்பம்? ஏகாம்பரம் சட்டைப் பையைத் தடவினார். காகிதம் மொரமொரத்தது.

குரங்கு ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து முதல் வடையைப் பிட்டது. ஏகாம்பரம் அதைப் பார்த்துத் தாராளமாக இன்னொரு தடவை பல்லைக் காட்டினார்.

"தின்னு, தின்னு. நாளன்னிக்கிலேர்ந்து பத்து நாளைக்கு நீ பட்டினிதான்!"