சிரிப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது

எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் சந்தனத்துக்கு நாற்பத்தாறு வயது. அவருடைய போன் நம்பர் அந்தத் தடத்தில் பாதிப் பேரிடம் இருக்கிறது. "எங்கண்ணே வாரீக, நான் ரோட்டுக்கு வந்திரவா?" என்று கேட்பதற்காக வாங்கி வைத்துக்கொண்ட நம்பர். ஆனால் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய்விட்டவர்கள்கூட அதை அழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம், சந்தனம் வைக்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்.

அது ஒரு கோழியில் ஆரம்பித்தது. யாரோ ஒயர்க்கூடையோடு கோழியைப் பின்சீட்டுக்கு அடியில் மறந்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்கள். சந்தனம் அதைப் படம் பிடித்து, "கோழி ஒன்று கிடைத்துள்ளது. உரியவர் வரவும்" என்று போட்டார். முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு படம் வந்தது. "கோழி ஒன்று, முட்டை ஒன்று. தாமதித்தால் முட்டைக்கு உத்தரவாதம் இல்லை." கோழிக்காரம்மா சிரித்துக்கொண்டே வந்து, கோழியை மட்டும் வாங்கிக்கொண்டு முட்டையை அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆட்டோவில் எது கிடைத்தாலும் படம்தான். ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தபோது, "இட்லி ஆறு. தற்சமயம் நான்கு" என்று போட்டார். ஒரு முட்டி எக்ஸ்ரே கிடைத்தபோது அதை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்து, "இந்த முட்டியை அறிந்தவர் உண்டா?" என்று கேட்டார். ஓரத்தில் இருந்த பெயரைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு குவைத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "அண்ணே, அது எங்கம்மா முட்டிண்ணே." அம்மாவுக்கு முட்டிவலி என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுத்த மாதமே லீவு போட்டுவிட்டு வந்து, அம்மாவை அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் படமும் ஸ்டேட்டஸில் வந்தது. "முட்டியும் மகனும்."

இப்படிப் போட்டதையெல்லாம் ஜனங்கள் தங்கள் சேக்காளிகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் தங்கள் சேக்காளிகளுக்கு அனுப்பினார்கள். ரெட்டியபட்டியைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட, காலையில் எழுந்ததும் சந்தனத்தின் ஆட்டோவில் இன்றைக்கு என்ன விழுந்தது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

அவர் மனைவி சுமதிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"ஊரான் சாமான வச்சு நக்கல் பண்ணிக்கிட்டுத் திரியிறீக. ஒரு நா எவனாச்சும் பல்லப் பேத்துக் கையில குடுக்கப் போறான்" என்றார்.

மாசி மாதத்தில் ஒரு முகூர்த்த நாளன்று, கையில் பல் வந்தே விட்டது.

அன்றைக்கு ஆட்டோவில் கூட்டம். அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பாளையம்பட்டி வரை போய்விட்டு, அருப்புக்கோட்டை திரும்பி டீக்கடை ஓரம் நிறுத்திச் சீட்டைத் துடைத்தபோது, பூப்போட்ட கர்சீப் ஒன்று சுருட்டிக் கிடந்தது. பிரித்தார். உள்ளே மேல்வரிசைப் பல்செட் ஒன்று, புத்தம் புதிதாக, முத்து கோத்ததுபோல் பளபளவென்று இருந்தது. சந்தனம் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது.

டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கழுவி, கர்சீப்பின் மேல் எடுப்பாக வைத்துப் படம் எடுத்தார். கீழே இப்படி எழுதினார்:

"சிரிப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. உரியவர் நேரில் வந்து சிரித்துக் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்."

பத்து நிமிடத்தில் போன் சூடாகிவிட்டது. முதலில் கூப்பிட்டவர் ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பின்னால் வண்டி போடும் விஜயபாண்டி. நாக்கை மடித்துக்கொண்டு, "அண்ணே, அஹு என் பல்லுண்ணே" என்றார்.

"ஏலே, ஒம் பல்லு நேத்துதான் எங்கிட்ட முறுக்குத் தின்னுச்சு. வையிலே போன."

அடுத்தடுத்து நான்கு பேர் அதே மாதிரி விளையாடினார்கள். ஆகையால் ஆறாவதாக நாலு விநாடி வாய்ஸ் மெசேஜ் ஒன்று வந்தபோது, சந்தனம் அதையும் விளையாட்டு என்றே நினைத்தார். பெண்குரல். "ஹம்பி, அஹு என்னுஹு. ஹத்தம் போடாமக் கொண்டா."

"அடையாளம் சொல்லுங்க" என்று பதில் அனுப்பினார்.

உடனே வீடியோ கால் வந்தது. திரையில், இறுக மூடிய உதடுகளும் எரிக்கிற மாதிரி இரண்டு கண்களும் தெரிந்தன. அந்த அம்மா சுற்றும்முற்றும் பார்த்தார். ஒரே ஒரு விநாடி வாயைத் திறந்து காட்டினார். மூடினார். காலைத் துண்டித்தார்.

சந்தனத்துக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. காலையில் அவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த பேச்சியம்மாள். ரெட்டியபட்டிப் பக்கம் பத்து ஏக்கர் பருத்தி போட்டிருக்கும் வீட்டுக்காரம்மா. ஏறும்போது "மெதுவாப் போப்பா, லோடு ஏத்துன மாதிரி குலுக்காத" என்று அதட்டியவர், பாதி வழிக்கு மேல் வாயே திறக்கவில்லை.

நடந்தது இதுதான். பேச்சியம்மாளுக்கு மதுரையில் பல்செட் கட்டி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்காரரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. புதுச் செருப்புக் கடிப்பதுபோல் அது ஈறைக் கடித்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போனது. இறங்குவதற்கு முன் மாட்டிக்கொள்ளலாம் என்று கழற்றி மடியில் வைத்தார். பாளையம்பட்டியில் தேங்காய்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவசரமாக இறங்கியதில் மடியில் இருந்தது சீட்டிலேயே தங்கிவிட்டது.

இறங்கிய இடம் தம்பி ஜெயபாண்டியின் வீடு. அன்றைக்குத் தம்பி மகள் செல்வலட்சுமிக்கு நிச்சயதார்த்தம். அத்தை கைபிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் சபைக்கு வரலாம்.

அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே பதினோரு வருஷமாக ஒரு முள் இருந்தது. ஜெயபாண்டி வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அடித்த பத்திரிகையில் பேச்சியம்மாளின் பெயர் இல்லை. "பிரஸ்காரன் விட்டுட்டான்க்கா" என்றார் தம்பி. அக்காள் நம்பவில்லை. விசேஷங்களுக்கு வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், போய்விடுவார். ஆனால் இந்த முறை அவர் கோபத்தையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மருமகள் விசேஷத்தில் நன்றாகச் சிரித்துப் பேச வேண்டும் என்றுதான் அந்தப் பல்செட்டையே அவசரமாகக் கட்டிக்கொண்டார்.

அதெல்லாம் அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்?

"வாங்கக்கா" என்றார் ஜெயபாண்டி. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை அசைத்தார். "மச்சான் வரலியா?" பருத்திக் காடு இருக்கும் திசையில் கையைக் காட்டினார். முறுக்குத் தட்டை நீட்டினார்கள். தள்ளிவிட்டார். வடை வந்தது. அதையும் தள்ளிவிட்டார். கேசரியை மட்டும் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

வீடே கலங்கிவிட்டது. "அவுக பழச இன்னும் மனசுல வச்சிருக்காக" என்றது ஒரு குரல். "வடையக்கூடத் தொட மாட்டேங்கிறாகளே" என்றது இன்னொன்று. யாரோ ஓடிப்போய் இருக்கிறதிலேயே நல்ல நாற்காலியை எடுத்து வந்து போட்டார்கள். இன்னொருவர் ஃபேனை அவர் பக்கம் திருப்பினார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவை திடீரென்று பேச்சியம்மாளின் மடிக்கு வந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் பார்த்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்க வேண்டுமே. கையால் தள்ளினார். "இது போதாதுங்கிறாக போல" என்று இரண்டாவது புடவையும் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு இன்னும் அரை மணி நேரம். மருமகள் செல்வலட்சுமி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அத்த, ஒரு வார்த்த பேசுங்கத்த" என்று கையைப் பிடித்தபோது பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்துச் செல்வலட்சுமியும் அழ, கண்மை வழிந்தது. அந்தக் குழப்பத்தில்தான் பேச்சியம்மாள் கழிவறைக்குப் போவதுபோல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார். எடுத்ததும் முதலில் கண்ணில் பட்டது சந்தனத்தின் ஸ்டேட்டஸ். தன் பல் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு நடந்ததுதான் அந்த வீடியோ கால்.

சந்தனம் சவாரியை விஜயபாண்டியிடம் மாற்றிவிட்டுப் பறந்தார். பல்செட்டை ஒரு பழைய மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருந்தார். வாசலில் ஏக ஜனம். சும்மா நுழைந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று, சத்தமாகவே சொன்னார்: "அம்மா, மருந்து டப்பாவ ஆட்டோவுல விட்டுட்டிங்கம்மா."

அது பெரிய தப்பாகப் போய்விட்டது.

"மருந்தா?" ஜெயபாண்டியின் முகம் வெளிறியது. "அக்காளுக்கு என்னப்பா செய்யுது? சாப்பிடல, பேசல... நாங்க கோவம்னுல்ல நெனச்சோம்!"

சந்தனம் நெளிந்தார். "அத... அவுகதான் வாயத் தொறந்து சொல்லணும்."

"சொல்ல முடியாத சீக்கா?"

பேச்சியம்மாள் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போகத் திரும்பினார். ஜெயபாண்டி குறுக்கே வந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபதை நெருங்கும் மனிதர், சபை கூடும் நேரத்தில், சின்னப் பிள்ளைபோல் உதடு துடிக்க நின்றார்.

"அக்கா, உண்மையச் சொல்லிர்றேன். பிரஸ்காரன் விடலக்கா. நாந்தான் எடுத்தேன். கவுன்சிலர் பேரப் போடணும்னாக. எடம் பத்தல. ஒம் பேரு இருந்த எடத்துல அவரு பேரப் போட்டேன். நீ எதுவும் நெனைக்க மாட்டேன்னு நெனச்சேன்க்கா. பதினோரு வருசமா எனக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கு."

சந்தனம், 'போட்டுக்கிட்டுப் பேசுங்கம்மா' என்று கண்ணால் ஜாடை காட்டினார். பேச்சியம்மாள் முந்தானைக்குக் கீழே ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். கொஞ்சம் பொறு.

தம்பி தொடர்ந்தார். "கல்யாணப் பத்திரிகையில ஒம் பேருதான் மொதப் பேரு."

விரல் இன்னும் இறங்கவில்லை.

"மச்சான் பேரும் போடுறேன். ஒம் மகன், மக, பேரப்புள்ள பேரு எல்லாம் போடுறேன்."

விரல் இறங்கியது. பேச்சியம்மாள் தம்பியின் கன்னத்தைத் தட்டிவிட்டு அறைக்குள் போனார். கதவு மூடியது. இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தது. வெளியே வந்தவர் முந்தானையைத் தோளில் விட்டிருந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"ஏலே ஜெயபாண்டி" என்றார். "அந்தக் கவுன்சிலரு அன்னிக்கு வந்தாரா?"

ஜெயபாண்டி தலையைக் குனிந்தார். "வரலக்கா."

முதலில் சிரித்தவர் செல்வலட்சுமி. பிறகு அந்த வீட்டுச் சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியபோது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். மருந்தின் பெயரை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒரு வேளை குடித்ததுமே குணமாகிவிட்டதே, நல்ல டாக்டர்போல என்று பேசிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குப் பேச்சியம்மாள் அதே ஆட்டோவில் ஊர் திரும்பினார். தம்பி கார் அனுப்புகிறேன் என்றதற்கு, "எனக்கு வேண்டிய ஆட்டோ இருக்கு" என்று சொல்லிவிட்டார். வேறு சவாரி ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அணை உடைந்ததுபோல் வந்தது. ஈறு கடித்த கதை, கேசரி கதை, இரண்டு புடவைகளையும் திருப்பிக் கொடுக்கப் பட்ட பாடு, சம்பந்தியின் மூக்குத்தி, பந்தியில் உப்புக் கம்மியாக இருந்த கூட்டு. சந்தனம் "ம்" போடக்கூட இடம் கிடைக்கவில்லை.

பந்தல்குடி தாண்டியதும் கொஞ்சம் மூச்சு விட்டார்.

"தம்பி, அந்தப் போட்டாவ எடுத்திட்டியா?"

"அப்பவே அழிச்சிட்டேம்மா. 'உரியவர் சிரித்துக் காட்டிவிட்டார்'னு மட்டும் போட்டிருக்கேன். யாருன்னு எங்க வீட்டுல கேட்டாக்கூடச் சொல்ல மாட்டேன்."

"அழிக்கும் முன்ன எத்தன பேரு பாத்தாக?"

சந்தனம் தயங்கினார். "அது... எங்கிட்டப் பாத்தவுக எழுநூறு பேரும்மா. அவுகளும் மத்தவுகளுக்கு அனுப்பியிருப்பாக. குவைத்துல இருந்துகூட ஒருத்தர் கேட்டாரு."

கோபித்துக்கொண்டார்களோ என்று கண்ணாடியில் பார்த்தார். பேச்சியம்மாள் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"குவைத்து வரைக்கும் போயிருச்சாக்கும்" என்றார் கடைசியில். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "பாத்தவுக என்ன சொன்னாக? வரிசயெல்லாம் நல்லாருக்குன்னாகளா?"