கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு வாசனையில்லாத புட்டி

சிதம்பரம் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், இல்லையென்றால் பிச்சாவரம். நாங்கள் போனது கரும்புச் சக்கையைக் கரைத்துக் காட்ட. போன நவம்பர், அடைமழைக்கு நடுவே ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மதியம் மூன்று மணிக்கு என் மனைவி செல்வி, வெளியூர்ப் பேராசிரியர் முன்னால் சக்கையைக் கரைத்துக் காட்டினால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

கரைப்பது அயனித் திரவம். உப்புதான், ஆனால் சாதாரணச் சூட்டிலேயே விளக்கெண்ணெய் மாதிரி ஓடும். நெல்லிக்குப்பம் ஆலைச் சக்கையின் நாரைக்கூடக் கரைத்துவிடும். ஆவியாகாது, லேசில் தீப்பிடிக்காது. ஒரே வம்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் நார் கரையாது. அதனால் முதல் நாள் ஒரு தோழியின் ஆய்வகத்தில் ஈரம் நீக்கி, இறுக மூடி வாங்கி வந்திருந்தாள்.

காலை எட்டேகாலுக்குப் புறப்பட்டோம். 45 கிலோமீட்டர், வாடகைக் கார் 1,900 ரூபாய். கூடவே மாமனார். கடலூரை அடுத்த குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் முப்பது வருடம் கரைப்பான் டிரம்களோடு இருந்தவர். மகளின் கரைப்பானைப் பார்க்க இஸ்திரி போட்ட வேட்டியில் வந்திருந்தார்.

புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். டிரைவர் சக்கரம் மாற்ற, செல்வி குடை பிடிக்க, நான் போல்ட்டுகளைப் பொறுக்கினேன். மாமா புட்டி இருந்த பையோடு எதிர் டீக்கடையில் ஒதுங்கினார். அரைமணி கழித்துப் போனால், திறந்த புட்டி அவர் மூக்கருகே இருந்தது.

"லேபிள் இல்லாத டிரம்முன்னா என்னத்தான் கூப்புடுவாங்க மாப்ள. மோந்து சொல்லிடுவேன். இதுல ஒண்ணுமே வர்ல. மூக்கு போயிடுச்சு போல."

பின்னாலேயே வந்த செல்வியின் முகம் வெளுத்தது. "எவ்ளோ நேரமாப்பா தொறந்திருக்கு?"

"டயர கழட்டுனதுலேர்ந்தும்மா."

அவள் மூடியைத் திருகிவிட்டுக் காரில் ஏறினாள். எனக்கு அவர்மேல் கோபம்தான், மறைப்பானேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது, அவர் தன் உள்ளங்கையை மோந்துகொண்டிருந்தார். கோபம் போய்விட்டது.

பத்தேகாலுக்குச் சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஆய்வகம். செல்வி திரவத்தைக் குடுவையில் ஊற்றி, காற்றை உறிஞ்சும் பம்பைப் போட்டு, எண்பது டிகிரியில் வைத்தாள்.

"இந்தச் சூட்டுல எல்லாம் ஆவியாப் பூடுமேம்மா" என்றார் மாமா.

"தண்ணி மட்டும்தாம்பா போவும். இது அங்கயேதான் இருக்கும். ஆவியா ஏறி வந்தாத்தான மூக்குக்குத் தெரியும்? ஒங்க மூக்குக்கு ஒண்ணும் ஆவல."

 மாமா நம்பினாரா என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சக்கைத்தூளைப் போட்டுக் கலக்க ஆரம்பித்தாள். நாலு பத்துக்கு அது பழுப்புப் பாகாகிவிட்டது. பேராசிரியர் இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

இப்படி ஒரு புட்டியோடு போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் ஒன்றரை மணிநேரமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பையை யாரிடமும் கொடுக்காதீர்கள், முக்கியமாக அனுபவஸ்தர்களிடம். வாசனை இல்லாததெல்லாம் சாது என்று நினைத்துக் கையுறை போடாமல் தொடாதீர்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காபி குடியுங்கள்.

நாங்களும் குடித்தோம். டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே மாமா நிறுத்தினார்.

"சிக்கரி ஜாஸ்தி மாப்ள."

செல்வி சிரித்தபடியே துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.